இரண்டாவது நட்சத்திரக் குறி

கடல் மட்டத்துக்குக் கீழே 62 கிலோமீட்டர் ஆழத்தில் உட்கார்ந்து நீங்கள் தயிர்சாதம் சாப்பிட்டதுண்டா? நானும் என் மாணவர்கள் நால்வரும் சாப்பிட்டிருக்கிறோம். இடம் பெருமுக்கல் மலையுச்சி.

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில் சென்றவர்கள் இந்த மலையைப் பார்த்திருப்பீர்கள். சுற்றிலும் வயல்களும் ஏரிகளுமாகத் தட்டையான நிலம். நடுவே பெரும் பாறைகளை அடுக்கி வைத்தாற்போல் ஒரு குன்று. மேலே முக்தியாலீஸ்வரர் கோயில். அதன் சுவர்களில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. அதே மலையில் ஒரு குகையின் பாறையில், எழுத்தே தோன்றாத காலத்தில் மனிதன் கீறிய உருவங்களும் இருக்கின்றன. இயற்பியல் ஆசிரியனான எனக்கு அந்த மலையில் வேறொரு வேலை. காற்றழுத்தத்தை அளந்து மலையின் உயரத்தைக் காண வேண்டும்.

தத்துவம் உங்களுக்குத் தெரிந்ததுதான். மேலே ஏற ஏறக் காற்றின் அழுத்தம் குறையும். தரைக்கு அருகில் ஏறத்தாழ எட்டரை மீட்டர் ஏறினால் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைகிறது. விரல் நகத்தின் அளவுள்ள ஓர் உணரி அழுத்தத்தை அளக்கும்; அதனோடு இணைந்த சிறு கணிப்பொறிப் பலகை உயரத்தைக் கணக்கிட்டுத் திரையில் காட்டும். கணக்கு இதுதான்: மலையுச்சியின் அழுத்தத்தைக் கடல் மட்ட அழுத்தத்தால் வகுக்க வேண்டும். வந்த ஈவை 0.1903 என்னும் அடுக்குக்கு உயர்த்தி, அதை 1-இலிருந்து கழித்து, 44,330-ஆல் பெருக்கினால் உயரம் மீட்டரில் கிடைக்கும்.

உச்சியில் மாணவி ஒருத்தி, கையிலிருந்த அச்சுத்தாளைப் பார்த்துவிட்டு, கடல் மட்ட அழுத்தத்தை 1013.25 என்று உள்ளிட்டாள். திரையில் வந்த எண் மைனஸ் அறுபத்திரண்டாயிரத்தை ஒட்டியிருந்தது. “சார், நாம மலை ஏறல, பூமிக்குள்ள இறங்கிட்டோம்” என்றான் ஒருவன். சிரித்து முடித்தபின் காரணத்தைத் தேடினோம்.

அச்சுத்தாளில் தவறு இருந்தது. அந்தத் தாளை யாரும் உட்கார்ந்து எழுதவில்லை. நிரலிலிருந்து ஒரு கருவி தானாகவே உண்டாக்கிய ஆவணம் அது. அப்படியானால் தவறு எப்படிப் புகுந்தது? இந்தக் கட்டுரை அதைப் பற்றியதுதான்.

யாருக்காகக் குறிப்புரை?

பள்ளியில் சி++ படிப்பவர்களுக்குக் குறிப்புரை என்றால் என்னவென்று தெரியும். இரண்டு சாய்கோடுகளை இட்டு எழுதினால் அந்த வரியின் எஞ்சிய பகுதி குறிப்புரை. ஒரு சாய்கோடும் ஒரு நட்சத்திரக் குறியும் இட்டுத் தொடங்கி, நட்சத்திரக் குறியும் சாய்கோடும் இட்டு முடித்தால் இடையிலுள்ளது எத்தனை வரியானாலும் குறிப்புரை. நிரல்பெயர்ப்பி இதைப் படிப்பதில்லை, தாண்டிப் போய்விடும். குறிப்புரை மனிதனுக்காக எழுதுவது.

சிறு நிரலுக்கு இது போதும். நூறு கோப்புகளில் ஐந்நூறு செயற்கூறுகள் உள்ள நிரலை எண்ணிப் பாருங்கள். அதைப் பயன்படுத்த வருகிறவர் எல்லாக் கோப்புகளையும் திறந்து படித்துக்கொண்டிருக்க முடியாது. எந்தச் செயற்கூறு என்ன செய்யும், அதற்கு எதைக் கொடுக்க வேண்டும், அது எதைத் திருப்பித் தரும் என்று சொல்லும் கையேடு வேண்டும். முன்பெல்லாம் இதைத் தனியாக எழுதினார்கள். நிரல் ஒரு பெட்டியில், கையேடு வேறொரு பெட்டியில். ஆறு மாதத்தில் நிரல் மாறிவிடும். கையேடு பழையபடியே இருக்கும். கையேட்டை நம்பியவர் ஏமாறுவார்.

இதற்கு ஒரு வழி சொன்னவர் அமெரிக்கக் கணிப்பொறி அறிஞர் டொனால்ட் நூத். நிரலையும் அதன் விளக்கத்தையும் ஒரே கோப்பில் கலந்து எழுத வேண்டும் என்றார். அதற்காக ‘வெப்’ என்னும் முறையை உருவாக்கி 1984-இல் அதைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். (இன்று நாம் வெப் என்று சொல்லும் இணையத்துக்கும் இதற்கும் உறவில்லை. அந்த வலை பிறக்கும் முன்பே வந்த பெயர் இது.) ஒரே கோப்பிலிருந்து ஒரு கருவி கணிப்பொறிக்கான நிரலைப் பிரித்தெடுக்கும், இன்னொரு கருவி மனிதன் படிப்பதற்கான நூலைப் பிரித்தெடுக்கும். கணிதச் சமன்பாடுகளை அழகாக அச்சுக்கோக்க அவர் எழுதிய ‘டெக்’ என்னும் பெரிய மென்பொருள் இம்முறையில் எழுதப்பட்டதுதான். 1986-இல் அதன் நிரல் முழுவதும் ஒரு புத்தகமாகவே வெளிவந்தது.

எல்லோரும் நூத் ஆகிவிட முடியாது. நிரலைக் கட்டுரை போல எழுதும் பொறுமை பலருக்கு இல்லை. அதனால் எளிய வழி ஒன்று பரவியது: நிரலை வழக்கம்போலவே எழுது, ஆவணத்துக்குப் போக வேண்டிய குறிப்புரைக்கு மட்டும் ஓர் அடையாளம் வை. ஜாவா மொழி 1990-களின் நடுவில் வெளிவந்தபோதே ‘ஜாவாடாக்’ என்னும் கருவி அதனோடு வந்தது. 1997-இல் நெதர்லாந்தைச் சேர்ந்த டிமித்ரி வான் ஹீஷ் சி++ போன்ற மொழிகளுக்காக ‘டாக்ஸிஜன்’ என்னும் கருவியை வெளியிட்டார். ஆக்ஸிஜன் போல ஒலிக்கும் இந்தப் பெயரை மாணவர்கள் மறப்பதில்லை. இது கட்டற்ற மென்பொருள். காசு கொடுக்காமல் பெறலாம். நாங்கள் பயன்படுத்தியது இதைத்தான்.

அந்த அடையாளம் என்ன?

ஒரு நட்சத்திரக் குறிக்குப் பதிலாக இரண்டு. அவ்வளவுதான்! சாய்கோட்டை அடுத்து ஒரு நட்சத்திரக் குறி இருந்தால் அது சாதாரணக் குறிப்புரை. இரண்டு இருந்தால் சிறப்புக் குறிப்புரை. நிரல்பெயர்ப்பிக்கு இரண்டும் ஒன்றே. முதல் நட்சத்திரத்தைப் பார்த்ததுமே அது கண்ணை மூடிக்கொள்ளும். டாக்ஸிஜனோ இரண்டாவது நட்சத்திரத்தைப் பார்த்ததும் கண்ணைத் திறக்கும்.

எங்கள் நிரலில் இருந்த ஒரு பகுதியைப் பாருங்கள். (இங்கே எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் அச்சிட்டிருக்கிறேன். கணிப்பொறியில் கட்டளைச் சொற்களை ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். விளக்கத்தைத் தமிழிலேயே தட்டலாம்.)

/**
 * @பிரீஃப் காற்றழுத்தத்தை அளந்து தரும்.
 *
 * உணரியைப் பலமுறை படித்துச் சராசரி காண்கிறது.
 * @பாரம் தடவை எத்தனை முறை படிப்பது (1 முதல் 20 வரை)
 * @ரிட்டர்ன் அழுத்தம், ஹெக்டோபாஸ்கலில்
 */
டபுள் அழுத்தம்(இன்ட் தடவை);

‘அட்’ குறியோடு தொடங்கும் சொற்கள் டாக்ஸிஜனுக்கு நாம் இடும் கட்டளைகள். ‘பிரீஃப்’ என்பது ஒருவரிச் சுருக்கம். செயற்கூறுகளின் பட்டியலில் பெயருக்கு எதிரே இது மட்டும் வரும். ‘பாரம்’ என்பது அளபுரு. அதை அடுத்த சொல் அளபுருவின் பெயர். அதற்குப் பின் வருவது விளக்கம். ‘ரிட்டர்ன்’ என்பது செயற்கூறு திருப்பித் தரும் மதிப்பைச் சொல்கிறது. கட்டளை ஏதும் இல்லாத வரி விரிவான விளக்கமாகப் போய்ச் சேரும்.

டாக்ஸிஜன் வெறுமனே குறிப்புரைகளை வெட்டி ஒட்டுவதில்லை. அது நிரலையும் படிக்கிறது. ‘அழுத்தம்’ என்பது ஒரு செயற்கூறு, அதற்கு ஒரு முழு எண்ணைத் தர வேண்டும், அது ஒரு பதின்ம எண்ணைத் திருப்பித் தரும் என்பதையெல்லாம் நாம் சொல்லாமலே கண்டுகொள்ளும். பிறகு அதற்கு உடனே மேலே நிற்கும் சிறப்புக் குறிப்புரையை அதோடு சேர்த்துத் தைக்கும். ஆக, ஆவணத்தின் எலும்புக்கூடு நிரலிலிருந்து வருகிறது. சதை நம் குறிப்புரையிலிருந்து வருகிறது. எண் பதின்ம எண்ணா முழு எண்ணா என்று கருவிக்குத் தெரியும். அது பாஸ்கலா ஹெக்டோபாஸ்கலா என்று கருவிக்கு ஒருநாளும் தெரியாது. நாம் சொன்னால் உண்டு, இல்லையென்றால் இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மலையுச்சிக்குத் திரும்பும்போது வேண்டியிருக்கும்.

குறிப்புரை மேலே நிற்பதுதான் வழக்கம். சில இடங்களில் அது வசதிப்படாது. ஓர் அமைப்பில் வெப்பநிலை, அழுத்தம், நேரம் என்று மூன்று மாறிகள் வரிக்கு ஒன்றாக இருந்தால், ஒவ்வொன்றுக்கும் மேலே ஐந்து வரி எழுதினால் நிரலே மறைந்துவிடும். அப்போது மாறியை எழுதிய அதே வரியின் முடிவில் மூன்று சாய்கோடுகளும் அவற்றை ஒட்டி ஒரு ‘சிறியது’ குறியும் (கணக்கில் எழுதுவோமே, அதே <) இட்டுக் குறிப்பு எழுதலாம். அந்தக் குறி அம்புபோல இடப்பக்கம் காட்டுகிறதல்லவா? “எனக்கு முன்னால் இருப்பதைப் பற்றித்தான் சொல்கிறேன்” என்பது அதன் பொருள்.

புதியவர்கள் விழும் குழிகள்

முதல் குழி. நிறையச் சிறப்புக் குறிப்புரைகள் எழுதி, டாக்ஸிஜனை ஓட்டிப் பார்த்தால் ஆவணம் வெறுமையாக இருக்கும். எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஆண்டுதோறும் யாராவது ஒருவர் இதைச் சொல்லிக்கொண்டு வருவார். காரணம் எளிது. எந்த வகுப்புக்குள்ளும் அடங்காத தனிச் செயற்கூறுகள் ஒரு கோப்பில் இருந்தால், முதலில் அந்தக் கோப்புக்கே ஒரு சிறப்புக் குறிப்புரை வேண்டும். கோப்பின் தொடக்கத்தில் ‘அட் ஃபைல்’ என்று ஒரு கட்டளை இட்டால் போதும், எல்லாம் வந்துவிடும்.

அமைப்புக் கோப்பில் ‘எக்ஸ்ட்ராக்ட் ஆல்’ என்னும் விருப்பத்துக்கு ‘ஆம்’ என்று கொடுத்தாலும் வந்துவிடும். ஆனால் நான் அதை விரும்புவதில்லை. குறிப்புரையே இல்லாத செயற்கூறுகளும் ஆவணத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். “இதற்கு விளக்கம் இல்லையே” என்ற எச்சரிக்கையும் வராமல் நின்றுவிடும். காலி இருக்கைகளுக்கும் வருகைப்பதிவு போடுவது போன்றது அது.

இரண்டாவது குழி தமிழில் எழுதுகிறவர்களுக்கு அதிகம் நேரும். ‘பிரீஃப்’ என்று எழுதாமலே முதல் வாக்கியத்தைச் சுருக்கமாக எடுத்துக்கொள்ளும்படி டாக்ஸிஜனுக்குச் சொல்லிவைக்கலாம். வாக்கியம் எங்கே முடிகிறது என்று அது எப்படி அறியும்? ஒரு முற்றுப்புள்ளியும் அதை அடுத்து ஓர் இடைவெளியும் வந்தால் முடிந்தது என்று கொள்ளும். நாம் ‘தொலைவை கி. மீ. அளவில் தரும்’ என்று எழுதினால் என்ன ஆகும்? பட்டியலில் ‘தொலைவை கி.’ என்று வந்து நிற்கும்! புள்ளிக்கும் இடைவெளிக்கும் நடுவே ஒரு பின்சாய்கோடு இட்டால் தப்பலாம். கிலோமீட்டர் என்று முழுதாகவே எழுதிவிடுவது இன்னும் நல்லது.

மூன்றாவது குழி மிகவும் நுட்பமானது. ஒரு குறிப்புரைக்கும் அதற்குரிய செயற்கூறுக்கும் நடுவே வேறொருவர் ஒரு புதிய செயற்கூறைச் செருகிவிடுகிறார். நிரல் பிழையின்றி ஓடும். ஆனால் குறிப்புரை இப்போது புதிய செயற்கூறோடு ஒட்டிக்கொண்டுவிடும். பழையது விளக்கமின்றி நிற்கும். அளபுருக்களின் பெயர்கள் வேறாக இருந்தால் டாக்ஸிஜன் கண்டுபிடித்துவிடும்: “நீ சொல்லும் அளபுரு இந்தச் செயற்கூறில் இல்லையே” என்று எச்சரிக்கும். பெயர்கள் ஒன்றாகவே இருந்துவிட்டால் அதற்கும் தெரியாது.

காட்டுவதும் மறைப்பதும்

ஆவணத்தில் எது வர வேண்டும் என்று சொல்வது பாதி வேலை. எது வரக் கூடாது என்று சொல்வது மறுபாதி. எங்கள் மாணவன் ஒருவன் ஒருமுறை உணரியின் திருத்த எண்ணைப் பற்றி எழுதிய சிறப்புக் குறிப்புரையிலேயே, ஆய்வுக்கூட வைஃபையின் கடவுச்சொல்லையும் மறந்துபோகாமல் இருக்க எழுதிவைத்திருந்தான். ஆவணம் உண்டாகி, கல்லூரிச் சுவரில் எல்லோரும் பார்க்க ஒட்டப்பட்டது. இரண்டு நாள் யாரும் கவனிக்கவில்லை. மூன்றாம் நாள் விடுதி முழுவதும் எங்கள் வைஃபையில் திரைப்படம் பார்த்துக்கொண்டிருந்தது.

மறைக்க மூன்று வழிகள் உண்டு. முதலாவது, இரண்டாவது நட்சத்திரக் குறியை எடுத்துவிடுவது. சிறப்பு போய்ச் சாதாரணக் குறிப்புரை ஆகிவிடும். இரண்டாவது, குறிப்புரைக்கு நடுவே ‘அட் இன்டர்னல்’ என்று எழுதுவது. அதற்கு மேலுள்ளது எல்லோருக்கும். கீழுள்ளது நிரலை எழுதும் குழுவுக்கு மட்டும். அமைப்புக் கோப்பில் ஒரு விருப்பத்தை மாற்றினால், அதே நிரலிலிருந்து வெளியாருக்கு ஒரு கையேடும் குழுவுக்கு விரிவான இன்னொரு கையேடும் கிடைக்கும். மூன்றாவது, ‘அட் காண்ட்’, ‘அட் எண்ட்காண்ட்’ என்று இரண்டு வேலிகள் போடுவது. இடையிலுள்ள நிரல், குறிப்புரை எல்லாமே ஆவணத்துக்கு இல்லாததுபோல் ஆகிவிடும். நிரல்பெயர்ப்பிக்கு அந்த வேலிகள் தெரியாது. அது வழக்கம்போல எல்லாவற்றையும் மொழிபெயர்க்கும். முடிவடையாத சோதனைச் செயற்கூறுகளை நாங்கள் இந்த வேலிக்குள்தான் வைக்கிறோம்.

ஆனால் கடவுச்சொல்லுக்கு இந்த மூன்றில் எதுவும் தீர்வல்ல. ஆவணத்தில் மறைந்தது மூலக் கோப்பில் அப்படியே இருக்கிறது. அதை நிரலுக்குள் எழுதவே கூடாது.

எனக்கு மிகவும் பிடித்த கட்டளை ‘அட் டுடூ’. ‘இதை இன்னும் செய்ய வேண்டும்’ என்று அந்தந்த இடத்தில் குறித்துவைத்தால், எல்லாக் கோப்புகளிலும் சிதறிக் கிடக்கும் இந்தக் குறிப்புகளை டாக்ஸிஜன் ஒரே பக்கத்தில் திரட்டித் தரும். மாணவர்களுக்கு இந்தப் பக்கம் பிடிப்பதில்லை என்பது வேறு விஷயம்.

குறிப்புரையை நிரல்பெயர்ப்பி படிப்பதில்லை என்று தொடக்கத்தில் சொன்னேன். அதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. ஜாவாவில் சிறப்புக் குறிப்புரைக்குள் ‘அட் டெப்ரிகேட்டட்’ என்று எழுதினால், “இது பழையது, இனிப் பயன்படுத்தாதீர்” என்று ஆவணத்தில் வரும். அத்தோடு நிரல்பெயர்ப்பியும் அதைக் கவனித்து, அந்தச் செயற்கூறைப் பயன்படுத்துகிறவரை எச்சரிக்கும். மனிதனுக்காக எழுதியது இயந்திரத்தையும் இயக்குகிறது! இது முறையற்றது என்று பலர் நினைத்தார்கள். 2004-இல் வந்த ஜாவா 5-இல் இதற்கென்று குறிப்புரைக்கு வெளியே தனிக் குறியீடு ஒன்று சேர்க்கப்பட்டது.

மீண்டும் மலையுச்சிக்கு

எங்கள் அச்சுத்தாளில் ‘அழுத்தம், ஹெக்டோபாஸ்கலில்’ என்று இருந்தது. அதை நம்பித்தான் மாணவி கடல் மட்ட அழுத்தத்தை 1013.25 ஹெக்டோபாஸ்கல் என்று கொடுத்தாள். மடிக்கணினியில் மூலக் கோப்பைத் திறந்தோம். செயற்கூறின் கடைசி வரியில் நூறால் வகுக்கும் கணக்கு இருந்திருக்க வேண்டும். அதைக் காணோம். முந்தைய ஆண்டு மாணவர்கள், தசமப் புள்ளி இல்லாமல் பதிவு செய்யலாம் என்று, அழுத்தத்தைப் பாஸ்கலிலேயே தரும்படி மாற்றிவிட்டிருந்தார்கள். மாற்றியதில் தவறில்லை. அதற்குச் சரியாக ஐந்து வரி மேலே இருந்த ‘ஹெக்டோபாஸ்கலில்’ என்னும் சொல்லை மாற்ற மறந்துவிட்டார்கள். டாக்ஸிஜன் அந்தப் பொய்யை அழகாக அச்சிட்டுத் தந்தது.

ஒன்றுக்குச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டிய ஈவு ஏறத்தாழ நூறாகிவிட்டது. நூறை 0.1903 அடுக்குக்கு உயர்த்தினால் 2.4. ஒன்றிலிருந்து 2.4-ஐக் கழித்தால் மைனஸ் 1.4. அதை 44,330-ஆல் பெருக்கிப் பாருங்கள், நாங்கள் எவ்வளவு ஆழத்தில் இருந்தோம் என்று தெரியும்.

மாணவர்களை நான் கோபிக்கவில்லை. அந்த ஆவணத்தைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டவன் நான்தான். பக்கம் ஒழுங்காக இருந்தது, எழுத்துப்பிழை இல்லை, எச்சரிக்கை ஒன்றும் வரவில்லை. சரி என்று விட்டுவிட்டேன்.

எங்கள் அதிர்ஷ்டம், பிழை பெரியதாக இருந்தது. மைனஸ் 62 ஆயிரம் என்று வந்தால் யாரும் ஏமாறமாட்டார்கள். பிழை சிறியதாக இருந்தால்? அமெரிக்காவின் நாசா 1998 டிசம்பரில் செவ்வாய்க்கு அனுப்பிய ‘மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்’ விண்கலத்துக்கு நேர்ந்தது அதுதான். கலத்தின் சிறு உந்திகள் கொடுத்த தள்ளுவிசையைக் கணக்கிட்ட தரை நிரல், பவுண்டு-விசை விநாடியில் எண்களைத் தந்தது. அவற்றை வாங்கிப் பாதையைக் கணக்கிட்டவர்கள் நியூட்டன் விநாடி என்று எடுத்துக்கொண்டார்கள். ஒரு பவுண்டு-விசை என்பது 4.45 நியூட்டன். இந்தப் பிழை ஒன்பது மாதப் பயணத்தில் சிறிது சிறிதாகச் சேர்ந்தது. செவ்வாயின் தரைக்கு மேல் சுமார் 226 கிலோமீட்டர் உயரத்தில் போக வேண்டிய கலம், சுமார் 57 கிலோமீட்டர் உயரத்துக்கு இறங்கிவிட்டது என்று பிறகு கணக்கிட்டார்கள். 1999 செப்டம்பர் 23-ஆம் தேதி அதனோடு தொடர்பு அறுந்தது.

கவனியுங்கள், அங்கே ஆவணம் சரியாகவே இருந்தது. நியூட்டன் விநாடியில் தர வேண்டும் என்று எழுதியிருந்தது. நிரல்தான் அதன்படி நடக்கவில்லை. எங்களிடம் நிரல் தன்போக்கில் மாறியது, ஆவணம் பின்தங்கியது. இரண்டிலும் நோய் ஒன்றே: சொல்லும் செயலும் பிரிந்துபோயின. சிறப்புக் குறிப்புரை அவற்றை ஐந்து வரித் தொலைவுக்குக் கொண்டுவருகிறது. அந்த ஐந்து வரியையும் கடப்பது நம் கண்ணின் வேலை.

அன்று மதியம் கோயில் சுவர் நிழலில் உட்கார்ந்திருந்தபோது மாணவர்கள் கல்வெட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அவர்களுக்குத் திருமழபாடிக் கோயிலின் கதையைச் சொன்னேன். கொள்ளிடக் கரையில், இன்றைய அரியலூர் மாவட்டத்தில் உள்ளது அந்த ஊர். முதலாம் இராஜராஜன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1013-ஐ ஒட்டி, அங்கே பழைய விமானத்தைப் பிரித்துவிட்டுப் புதிதாகக் கட்ட ஆணையிட்டான். சுவரைப் பிரித்தால் அதிலுள்ள கல்வெட்டுகள் என்னாகும்? யார் எந்த நிலத்தைக் கொடுத்தார், எத்தனை விளக்கு எரிய வேண்டும் என்பதெல்லாம் அந்தச் சுவரில்தானே இருக்கிறது? எனவே முதலில் அவற்றையெல்லாம் புத்தகத்தில் படியெடுத்துக்கொண்டார்கள். பிறகு இராஜேந்திரனின் 14-ஆம் ஆட்சியாண்டில், 1026-ஐ ஒட்டி, புதிய சுவரில் மீண்டும் வெட்டினார்கள். சுவர் மாறியபோது எழுத்தை யாரோ நினைவில் வைத்திருந்து, பத்துப் பன்னிரண்டு ஆண்டு கழித்தும் வேலையை முடித்திருக்கிறார்கள். எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரே ஆண்டில் மறந்துவிட்டோம்.

அன்றிலிருந்து எங்களுக்கு ஒரு விதி. செயற்கூறின் ஒரு வரியை மாற்றினாலும், மாற்றியவர் மேலேயுள்ள குறிப்புரையை உரக்கப் படிக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவர் கேட்க வேண்டும். அலகு மாறினால் செயற்கூறின் பெயரையே மாற்ற வேண்டும். ‘அழுத்தம்’ என்பது இப்போது ‘அழுத்தம்_பாஸ்கல்’. பெயரை மாற்றியபோது அதைப் பயன்படுத்திய ஏழு இடங்களில் நிரல்பெயர்ப்பி பிழை காட்டியது. குறிப்புரையைப் படிக்காத நிரல்பெயர்ப்பியை இப்படித்தான் நம் பக்கம் இழுக்க வேண்டியிருக்கிறது.

செய்து பாருங்கள்

‘பெருமுக்கல்’ என்னும் சொல்லில் எத்தனை எழுத்துகள்? பெ, ரு, மு, க், க, ல் என்று ஆறு எழுத்துகள் என்பீர்கள். பைத்தான் மொழியில் இச்சொல்லின் நீளத்தைக் கேட்டால் 11 என்று சொல்லும். உயிர்மெய்யின் துணைக்குறிகளையும் புள்ளிகளையும் யூனிகோடு தனித்தனியே எண்ணுகிறது. சி++-இல், யூடிஎஃப்-8 முறையில் சேமித்த இதே சொல்லின் நீளத்தைக் கேட்டால் 33 என்று வரும். அது பைட்டுகளை எண்ணுகிறது. தமிழுக்கென்று எழுதப்பட்ட ‘ஓப்பன்-தமிழ்’ என்னும் பைத்தான் நூலகத்தில் ‘கெட் லெட்டர்ஸ்’ என்று ஒரு செயற்கூறு உண்டு. சொல்லை நாம் பிரிப்பது போலவே ஆறாகப் பிரித்துத் தரும்.

நீங்கள் ஒரு சொல்லின் நீளத்தைத் திருப்பித் தரும் செயற்கூறு ஒன்றை எழுதுங்கள். அதற்கு மேலே சிறப்புக் குறிப்புரை ஒன்றும் எழுதுங்கள். பிறகு நிரலை மறைத்துவிட்டு, டாக்ஸிஜன் தந்த பக்கத்தை மட்டும் உங்கள் நண்பரிடம் கொடுத்து, ‘பெருமுக்கல்’ என்று உள்ளிட்டால் ஆறு வருமா, பதினொன்று வருமா, முப்பத்துமூன்று வருமா என்று கேளுங்கள். அவரால் சொல்ல முடியவில்லை என்றால் ‘ரிட்டர்ன்’ வரியைத் திருத்தி மீண்டும் கொடுங்கள்.